நிருபர் பட்டியலில் ஒரு ராங் நம்பர்

விரல் இழந்தவர்களைத் தேடிப் பிடிக்கிற வேலை என் தலையில் விழுந்ததற்கு, கேன்டீனில் நான் அடிக்கிற ஜோக்குகள்தான் காரணம்.

ஓசூர் தொழிற்பேட்டையில், வண்டிகளுக்குத் தகட்டுச் சாமான்கள் அடிக்கிற ஒரு கம்பெனியில் நான் குவாலிட்டி பார்க்கிறேன். அதாவது, அடுத்தவர் செய்ததைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து முகத்தைச் சுளிக்கச் சம்பளம் வாங்குகிறேன். சாப்பாட்டு நேரத்தில் என் மேசையைச் சுற்றி எப்போதும் கூட்டம் இருக்கும். மேனேஜர் எப்படி நடப்பார் என்று நடந்து காட்டுவேன். எல்லோரும் சிரிப்பார்கள். இவனுக்குப் பயம் என்பதே கிடையாது என்று நினைத்துக்கொள்வார்கள். போன் மணி அடித்தாலே எனக்குப் பயம் என்பது என் மனைவிக்கு மட்டும்தான் தெரியும்.

பாய்க்கு அது தெரியாது. அவரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். முன்பு வேறொரு கம்பெனியில் தகட்டை அழுத்தி வெட்டுகிற பவர் பிரஸ் ஓட்டியவர். வலது கையின் மூன்று விரல்களை அந்த மெஷினுக்குக் கொடுத்துவிட்டு எங்கள் ஸ்டோர்ஸுக்கு வந்து சேர்ந்தார். செயற்கை விரலும் கையும் இலவசமாகச் செய்து தருகிற ஒரு தொண்டுக் குழுவை எங்கிருந்தோ பிடித்து, விடாமல் பேசிப் பேசி, ஒரு ஞாயிற்றுக்கிழமை மூக்கண்டப்பள்ளிக்கு வந்து முகாம் நடத்தச் சம்மதிக்க வைத்துவிட்டார். கல்யாண மண்டபமும் பேசியாகிவிட்டது. குழுவுக்கு ஒரே ஒரு நிபந்தனை. முந்தைய நாள் சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் ஓரளவுக்காவது ஆட்கள் பெயர் கொடுத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் வண்டி வேறு மாவட்டத்துக்குப் போய்விடும். மறுபடி எப்போது இந்தப் பக்கம் வரும் என்று அவர்களாலேயே சொல்ல முடியாது.

“பேர் குடுக்க ஆளு இருக்காங்கணா,” என்றார் பாய். “ஆனா இங்க இல்ல. விரல் போனவன் எவன் ஓசூர்ல ஒக்காந்திருப்பான்? எல்லாம் ஊருக்குப் போயிட்டானுங்க. ராயக்கோட்டை, தளி, குந்தாரப்பள்ளி, அந்தப் பக்கம் கர்நாடகால ஆனேக்கல் வரைக்கும் இருக்கானுங்க. ஒருத்தன் நம்பரும் நம்மகிட்ட இல்ல.”

“கம்பெனி கேட்டுல நோட்டீஸ் ஒட்டலாமே பாய்.”

“விரல் போனவங்க வாங்கன்னு எந்தக் கம்பெனி தன் கேட்டுல ஒட்டும்? பேப்பர்ல வரணும்ணா. ஊர்ல டீக்கடைக்கு வந்தா எவனும் பேப்பரைப் பாக்காம போறதில்ல. பேப்பர்காரங்ககிட்டப் பேசறதுக்கு வாய் வேணும், அது உனக்கு இருக்குது. எனக்கு இந்தக் கையில ரெண்டு விரல் இருக்குது. அவங்கவங்க இருக்கறதைப் போடுவோம்.”

இதற்கு மேல் எப்படி மறுப்பது? ஜோக் அடித்துச் சமாளிக்கலாம் என்று பார்த்தேன். நல்ல ஜோக்கை அவரே அடித்துவிட்டார்.

பத்திரிகைக்காரர்களை எங்கே போய்ப் பிடிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. டீக்கடையில் கிடந்த பேப்பர்களை எல்லாம் புரட்டி, ஓசூர்ச் செய்திகளுக்குப் பக்கத்தில் யார் பேர் போட்டிருக்கிறது என்று பார்த்தேன். எல்லாப் பேப்பரிலும் எல்லாச் செய்தியையும் ‘நமது நிருபர்’ என்று ஒருவரே எழுதியிருந்தார். கடும் உழைப்பாளி.

கடைசியில் தாலுகா ஆபீஸ் எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர்தான் கைகொடுத்தார். மனு கொடுக்க வருகிற கூட்டம் அவர் கடை வாசலில்தான் நிற்கும். கூட்டம் நிற்கிற இடத்தில் நிருபர்களும் நிற்பார்கள். தன் போனைப் பார்த்து அவர் எண்களைச் சொல்லச் சொல்ல, நான் எழுதிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் ஒரு அட்டவணை போட்டேன். எனக்குத் தெரிந்தது இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட் ஒன்றுதான் என்பதால் பட்டியலும் அதே மாதிரி வந்தது. பேப்பர், ஏரியா, போன் நம்பர், கடைசிக் கட்டத்தில் ஓகே, ரிஜெக்ட், ரீஒர்க்.

போனிலும் ஏற்றினேன். எங்கள் கம்பெனியில் யாரும் யார் பேரையும் போனில் வைத்துக்கொள்வதில்லை. ‘கிரேன்’, ‘டூல் ரூம்’, ‘கேன்டீன் சாம்பார்’ என்றுதான் வைப்போம். அந்தப் பழக்கத்தில் நிருபர்களையும் ‘காலைப் பேப்பர் ஓசூர்’, ‘காலைப் பேப்பர் ராயக்கோட்டை’, ‘மாலைப் பேப்பர் கிருஷ்ணகிரி’, ‘கன்னடப் பேப்பர் அத்திப்பள்ளி’ என்று வரிசையாகப் பதிந்துவைத்தேன். பார்க்கவே அழகாக இருந்தது. இவ்வளவு அழகான பட்டியலை வைத்துக்கொண்டு ஒருவருக்குக்கூட போன் செய்ய முடியவில்லை என்பதுதான் சிக்கல்.

முயற்சி செய்யாமல் இல்லை. கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்தேன். “வணக்கம் சார், ஒரு சமூகச் செய்தி சார்.” கண்ணாடியில் இருந்தவனுக்கே நம்பிக்கை வரவில்லை. துணிந்து மாலைப் பேப்பர் கிருஷ்ணகிரியை அழுத்தினேன். அந்தப் பக்கம் மணி அடிக்க ஆரம்பித்ததும் நாக்கு ஒட்டிக்கொண்டது. கட் பண்ணிவிட்டேன். உடனே அவரே திருப்பிக் கூப்பிட்டார். “யாருங்க?” என்று கனத்த குரல்.

“ராங் நம்பர் சார்,” என்றேன்.

கூப்பிட்டவனே ராங் நம்பர் என்று சொல்லலாமா என்று போனை வைத்த பிறகுதான் யோசித்தேன். மறுநாள் மறுபடி முயன்றேன். மறுபடி அதே நாக்கு, அதே கட், அதே குரல், அதே ராங் நம்பர். அதற்கடுத்த நாளும் அழுத்திக் கட் பண்ணினேன்; அன்று அவர் திருப்பிக் கூப்பிடவில்லை. அப்பாடா என்று இருந்தது.

என் மனைவி கன்னட வீட்டுப் பெண். என்னை ‘ரீ’ என்றுதான் கூப்பிடுவாள். “ரீ, உங்களைச் சாப்பிட்டுடுவாங்களா அவங்க?” என்றாள்.

“நீ பேசிப் பாரு, தெரியும்.”

“நான் ஏன் பேசறேன்? ஊரைச் சிரிக்க வெக்கறவரு நீங்கதானே.”

அப்போதுதான் வாட்ஸப்பில் பிராட்காஸ்ட் என்று ஒரு வசதி இருப்பது நினைவுக்கு வந்தது. செய்தியை ஒரு தடவை எழுதி ஒரு தடவை அழுத்தினால், பட்டியலில் உள்ள அத்தனை பேருக்கும் தனித்தனியாகப் போய்விடும். யாரிடமும் பேச வேண்டாம். ‘யாருங்க’ என்று யாரும் கேட்க மாட்டார்கள். கோழைகளுக்காகவே யாரோ புண்ணியவான் கண்டுபிடித்த வசதி. தமிழில் நான் எழுதினேன், கன்னடத்தில் மனைவி எழுதிக் கொடுத்தாள். முகாம் நாள், மண்டபம், பெயர் கொடுக்க என் போன் நம்பர். ஸ்டோர்ஸுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது என்பதால் பாய் நம்பரைப் போட முடியவில்லை.

குவாலிட்டிக்காரன் இல்லையா? அனுப்புவதற்கு முன் சோதித்துப் பார்த்தேன். தனியாக ஒரு பட்டியலில் மனைவியையும் பாயையும் என் தம்பியையும் மட்டும் சேர்த்து, ‘டெஸ்ட்’ என்று ஒரு செய்தி அனுப்பினேன். மனைவி போன் சமையலறையில் கிணுக்கென்றது. பாய் கட்டைவிரலைக் காட்டி ஒரு பொம்மை அனுப்பினார். தம்பி, “என்ன டெஸ்ட், ரிசல்ட் எப்போ?” என்று கேட்டிருந்தான். மூன்றும் ஓகே. வியாழக்கிழமை காலையில் செய்தியை அனுப்பிவிட்டு, இந்த வேலைக்குப் போய் இவ்வளவு பயந்தோமே என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு டூட்டிக்குப் போனேன்.

வெள்ளிக்கிழமை காலை டீக்கடையில் எந்தப் பேப்பரிலும் ஒரு வரி கிடையாது. எங்கோ மாடு காணாமல் போனது வந்திருந்தது. ஏதோ சங்கத்துக்குப் புதுப் பொருளாளர் வந்தது, படத்தோடு வந்திருந்தது. எங்களுடையது இல்லை. பேப்பரைத் தலைகீழாகப் பிடித்தால் தெரியுமோ என்றுகூடப் பார்த்தேன்.

பாய் வந்தார். என் முகத்தைப் பார்த்தார். “வரலியாணா?”

“நாளைக்கு வரும் பாய். அவங்க இடம் பாத்துப் போடுவாங்க.”

“நாளைக்குச் சனி. அந்தக் குழுக்காரங்க நேத்தே கேட்டாங்க, எத்தினி பேருன்னு. உன்னையும் என்னையும் சேத்து ஒருத்தன்னு சொன்னேன்.” அவர் சிரித்தார். டீ கிளாஸை இரண்டு விரலால் பிடித்திருந்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

நிருபர்களுக்குக் கோபம் என்று எனக்குள் முடிவாகிவிட்டது. நேரில் வந்து அழைக்காமல் வாட்ஸப்பில் அனுப்பியது மரியாதைக் குறைவு. இல்லை, கன்னடத்திலும் அனுப்பியது தமிழ் நிருபர்களுக்குப் பிடிக்கவில்லை. இல்லை, கிருஷ்ணகிரிக்காரர் என்னைப் பற்றி எல்லோரிடமும் சொல்லிவிட்டார். மாவட்டம் முழுக்க என்னை ஒதுக்கிவைத்துவிட்டார்கள். அரை மணி நேரத்தில் இவ்வளவும் யோசித்தேன். பயம் வந்தால் எனக்குக் கற்பனை நன்றாக ஓடும்.

இரண்டு நாள் லீவு சொல்லிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு முதல் எண்ணை அழுத்தினேன். காலைப் பேப்பர் ஓசூர். “அதை வுட்டு ரெண்டு மாசமாச்சு சார். இப்ப ரியல் எஸ்டேட். பாகலூர் ரோட்டுல பிளாட் இருக்குது, பாக்கறீங்களா?” என்றார் அவர். அடுத்தது காலைப் பேப்பர் ராயக்கோட்டை. மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. எடுக்காதவரை நேரில் போய்ப் பிடிப்பது என்று ராயக்கோட்டை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். உண்மையைச் சொன்னால், பஸ்ஸில் இருக்கும்வரை வேறு யாருக்கும் போன் செய்ய வேண்டாமே என்ற நிம்மதியும் அதில் இருந்தது.

ராயக்கோட்டை நிருபர் தக்காளி மண்டியில் இருந்தார். நிருபர் வேலை பகுதிநேரம். முழுநேரம் மண்டிதான். ஏலச் சத்தத்தில் போன் மணி எப்படிக் கேட்கும்? தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவில் நின்று, வந்த விஷயத்தை ஒரே மூச்சில் கொட்டினேன்.

“நேத்து மெசேஜ் அனுப்பினேன் சார். நீங்க கண்டுக்கவே இல்ல.”

“எனக்கா? எனக்கு எதுவும் வல்லியே.” போனை எடுத்துத் தள்ளித் தள்ளிக் காட்டினார். தக்காளி விலை, கல்யாண அழைப்பு, கட்சிக் கூட்டம். நான் இல்லை.

“என் போன்ல போயிருக்கு சார். பிராட்காஸ்ட்டுல.”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “உங்க நம்பரே எங்கிட்ட இல்லியே சார். நாம சேவ் பண்ணா மட்டும் போதாது, அவங்களும் நம்மளை சேவ் பண்ணியிருக்கணும். இல்லன்னா பிராட்காஸ்ட்டு போயே சேராது. விவசாயிங்களுக்கு தெனம் ரேட்டு அனுப்பிக்கினு இருந்தோம். பாதிப் பேரு ரேட்டே வல்லன்னு சண்டைக்கு வந்தாங்கோ. அப்பறந்தான் தெரிஞ்சுது.”

நான் ஒரு தக்காளிப் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டேன். மனைவி, பாய், தம்பி. மூன்று பேர் போனிலும் என் நம்பர் ஏற்கெனவே இருந்தது. அதனால்தான் மூன்றும் ஓகே. கம்பெனியில் சாமானை அளக்கிற கேஜ் சரியாக இருக்கிறதா என்று பார்க்க மாஸ்டர் பீஸ் ஒன்று வைத்திருப்போம். அது எப்போதும் சரியாகத்தான் இருக்கும். அதை மட்டும் அளந்து பார்த்துவிட்டு லாட் முழுவதையும் லாரியில் ஏற்றி அனுப்புகிற குவாலிட்டிக்காரனை என்ன செய்வார்கள்? நானாக இருந்தால் கேன்டீனில் அவன் மாதிரி நடந்து காட்டியே மானத்தை வாங்கியிருப்பேன்.

“பெட்டி நசுங்குது சார், எழுந்திரிங்க,” என்றார் நிருபர். “நம்பர் சொல்லுங்க, சேவ் பண்ணிக்கறேன். என்னான்னு போட?”

“விரல் முகாம்னு போடுங்க.”

“மொகாம் முடிஞ்சா அழிச்சுப்புடுவேன். பேர் சொல்லுங்க. ஆமா, நீங்க என்னை என்னான்னு வெச்சிருக்கீங்க?”

காட்டினேன்.

“அந்தப் பேப்பரை வுட்டு தீவாளிக்கே வந்துட்டனே! இப்ப வேற பேப்பர்.” அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பக்கத்தில் இருந்த கணக்குப்பிள்ளையிடம் என் போனைக் காட்டினார். “இங்க பாரு, எனக்கு ஊரும் பேப்பரும் இருக்குது, பேரு இல்ல.” பிறகு நிதானமானார். “மூணு மணிக்குள்ள எல்லாருக்கும் சேதி போயாவணும் சார். அதுக்கு மேல போனா நாளைக்குப் பேப்பர்ல எடம் இருக்காது. இப்பவே ஒவ்வொருத்தரா கூப்பிடுங்க.”

மண்டியிலேயே ஒரு ஓரமாக நின்று கூப்பிட ஆரம்பித்தேன். ஏலச் சத்தத்தில் என் குரல் நடுங்குவது யாருக்கும் கேட்காது என்பது ஒரு வசதி. முதலில் பேர் கேட்டேன், இப்போது எந்தப் பேப்பர் என்று கேட்டேன், என் நம்பரைச் சேமித்துக்கொள்ளச் சொன்னேன், பிறகு செய்தியை அனுப்பினேன். ஒருவர் பேப்பரிலிருந்து டிவிக்குப் போயிருந்தார். ஒருவர் தேன்கனிக்கோட்டைக்கு மாறியிருந்தார். ஓசூருக்கு இப்போது யார் என்று அவரே சொன்னார். அத்திப்பள்ளிக் கன்னட நிருபரிடம் என் கன்னடம் இரண்டாவது வாக்கியத்திலேயே நின்றுவிட்டது. வீட்டுக்குப் போன் போட்டு மனைவியிடம் நம்பரைக் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் அவளே கூப்பிட்டாள். “ரீ, பேசிட்டேன். நாளைக்குப் போடறாராம். ஆனேக்கல் பக்கம் அவருக்குத் தெரிஞ்சவங்களுக்கும் சொல்றாராம். இதுக்கா இத்தனை நாள் கண்ணாடி முன்னாடி நின்னீங்க?”

மிச்சம் இருந்தது மாலைப் பேப்பர் கிருஷ்ணகிரி. மணி மூன்றை நெருங்கிக்கொண்டிருந்தது. குந்தாரப்பள்ளிப் பக்கம் முழுக்க அவர் பேப்பர்தான் போகிறது என்று ராயக்கோட்டைக்காரர் சொல்லியிருந்தார். வேறு வழியில்லாமல் அழுத்தினேன்.

எடுத்தவுடன், “என்னங்க ராங் நம்பர், இன்னைக்காவது பேசுவீங்களா?” என்றார்.

“சார், எப்படி சார் நான்னு…”

“சேவ் பண்ணி வெச்சிருக்கேன் சார், ராங் நம்பர்னு. தெனம் மிஸ்டு கால் குடுத்து உயிரை எடுத்தீங்களே, எடுக்காம இருக்கறதுக்காக.”

“அப்படின்னா நேத்து என் மெசேஜ்…”

“வந்துச்சே. ராங் நம்பர்கிட்டயிருந்து விரல், கை, கால்னு ஏதோ வந்துச்சு. ஃபார்வர்டுன்னு நெனச்சுத் தொறக்கவே இல்ல.”

அத்தனை நிருபர்களில் என் செய்தி போய்ச் சேர்ந்தது, நான் பயந்து பயந்து ஏமாற்றிய ஒருவருக்கு மட்டும்தான். எல்லாவற்றையும் சொன்னேன். பாயைப் பற்றிச் சொன்னேன், சனிக்கிழமை சாயங்காலத்தைப் பற்றிச் சொன்னேன், என் நாக்கைப் பற்றியும் சொன்னேன். பிறகு, “பாய் போட்டோ ஒண்ணு அனுப்புங்க. கை தெரியணும். அவரைக் கேட்டுட்டு அனுப்புங்க,” என்றார். கம்பெனிக்குப் போன் போட்டுப் பாயைக் கேட்டேன். ஸ்டோர்ஸுக்கு வெளியே வந்து, கையை நெஞ்சின் மேல் வைத்துப் படம் எடுத்து உடனே அனுப்பினார். முடியை வாரியிருந்தார்.

சனிக்கிழமை காலைப் பேப்பர்களில் வந்துவிட்டது. சின்னச் சின்னதாக, ஒரு பேப்பரில் மண்டபத்தின் பெயர் தப்பாக, ஆனால் என் நம்பர் சரியாக. உடனே அடுத்த பயம் பிடித்தது. இனி போன் அடிக்கும். அடித்தது. முதல் அழைப்பு பாகலூர் ரோடு பிளாட். மத்தியானம் பாய் படத்தோடு மாலைப் பேப்பரும் வந்தது; அடுத்த அழைப்பில் வயதான குரல் ஒன்று, பின்னால் ஆடு கத்தியது.

“குந்தாரப்பள்ளியிலருந்து பேசறனுங்க. இங்க டீக்கடையில ஒருத்தரு பேப்பரைப் படிச்சுச் சொன்னாருங்க. எனக்குப் போனது இடது கைங்க. அதுக்கும் உண்டுங்களா?”

“உண்டுங்க. ஏன் கேக்கறீங்க?”

“படத்துல வலது கைதான் போட்டிருக்குதாம். அதான் கேட்டுக்கிட்டு வரலாம்னு.” கொஞ்சம் தயங்கினார். “ரொம்ப வருசமாச்சுங்க. பழசுக்குப் போட மாட்டாங்களோன்னு இத்தினி நாளா யாரையும் கேக்கல.”

“பழசு புதுசெல்லாம் இல்லீங்க. உங்க பேரு?” என்றேன். பேரைச் சொன்னார். அதைப் பேராகவே போனில் போட்டேன்.

அதற்குப் பிறகு போன் ஓயவில்லை. தமிழ், தெலுங்கு, கன்னடம். புரியாததற்கு மனைவி. எத்தனை பேர் சேர்ந்தால் ‘ஓரளவு’ என்று குழு சொல்லவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வேலை முடிந்து பாய் நேராக என் வீட்டுக்கு வந்துவிட்டார். பட்டியலைப் பார்த்தார். நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தார். அன்று அவர் ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை.

குழுவின் எண்ணை அழுத்தினேன். அந்தப் பக்கம் மணி அடித்தது. என் கட்டைவிரல் தானாகப் போய்க் கட் பண்ணிவிட்டது.

“ணா! இன்னாணா பண்ண?”

“பழக்கம் பாய்.”

உடனே திரும்ப மணி அடித்தது. பாய் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். இரண்டே விரல், ஆனால் பிரஸ் மாதிரி பிடி. “ராங் நம்பர்னு மட்டும் சொல்லிப்பாரு.”

“யாருங்க?” என்றது போன்.

“நான்தான் சார் பேசறேன். ஓசூர், விரல் முகாம்,” என்று சொல்லி, பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தேன். எண்ணிக்கையைச் சொல்லத் தோன்றவில்லை. பாதியில் அவர் நிறுத்தினார். “போதும் சார். காலையில வந்துடறோம். அளவெடுக்கக் கூட ரெண்டு பேரைக் கூட்டிட்டு வர்றோம்.”

பாய் பிடியை விட்டார். மணிக்கட்டில் இரண்டு சிவப்புத் தடம். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, என் மனைவியிடம், “ஒரு டீ குடும்மா,” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அளவெடுத்துக்கொண்டு போனார்கள். செய்து கொண்டுவந்து பொருத்துகிற நாளை இனிமேல்தான் சொல்வார்கள்; அதையும் பேப்பரில் போட வேண்டும். அதற்குள் நிருபர்கள் எத்தனை பேர் எங்கெங்கே மாறுவார்களோ என்ற பயத்தில், மாதம் ஒரு தடவை எல்லோரையும் கூப்பிடுகிறேன். பட்டியலில் இப்போது பேர் முதலில் வருகிறது, பேப்பர் பிறகுதான். கடைசிக் கட்டத்தில் ஓகே, ரிஜெக்ட் எல்லாம் போய், ‘நம்மை வைத்திருக்கிறாரா’ என்று ஒரு கேள்வி மட்டும் இருக்கிறது. கூப்பிடுவதற்கு முன் இன்னமும் ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டுத்தான் கூப்பிடுகிறேன்.

கிருஷ்ணகிரிக்காரரை மட்டும் கடைசியில் வைத்துக்கொள்வேன். என் பேரை மாற்றிப் போடச் சொல்லிக் கெஞ்சியாகிவிட்டது. அவர் கேட்பதாக இல்லை. போன மாதமும் எடுத்தவுடன், “சொல்லுங்க ராங் நம்பர், விரல் எப்ப வருது?” என்றார்.